இருபத்திரண்டு அடி நடந்த டென்ட்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, ஏரிக்கரையிலிருந்து உங்கள் மாப்பிள்ளை எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவ்விடம் நீங்களும், அக்காவும், பிள்ளைகளும், உங்கள் பட்டறையில் பிரித்துப் போட்டு இன்னும் மாட்டாமல் கிடக்கிற இன்ஜின்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிற்க. தூங்கிவிட்டாள் மச்சான்! உங்கள் தங்கை தூங்கிவிட்டாள்! காலை மணி ஒன்பது நாற்பது, இன்னும் எழுந்திருக்கவில்லை! முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து ராத்திரியில் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கண் மூடாதவள், எதிர்வீட்டு கேட் கிறீச்சென்றால் எழுந்து உட்கார்ந்து "எந்த பெட்ல கூப்பிடறாங்க?" என்று கேட்கிறவள், நான் புரண்டு படுத்தால் என் நாடியைப் பிடித்துப் பார்க்கிறவள், அவள்தான் தூங்குகிறாள். இதைப் போனிலேயே கத்திச் சொல்லியிருப்பேன், ஆனால் கத்தினால் எழுந்துவிடுவாள். அதனால் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற காவலர் பதினொரு மணிக்கு உங்கள் பட்டறை வழியாக ஊருக்குள் போகிறாராம், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினொரு பேர் முன்னிலையில் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நாள் இடம் மாற்றிப் படுக்க வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை நான்தான் வாய் சும்மா இருக்காமல் அங்கே சொன்னேன். உடனே நீங்கள், "என் தங்கச்சி லாரில வளர்ந்தவ மாப்பிள்ளை. லாரிக்குப் பின்னால ஒரு மெத்தையைப் போட்டு விடுங்க, தானா தூங்கிடுவா" என்றீர்கள். கட்டிய மனைவியைச் சிமென்ட் மூட்டை மாதிரி லாரியில் ஏற்றுவதா என்று எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. டென்ட்தான் சரி, மண்ணோடு மண்ணாகப் படுத்தால்தான் உடம்பு அடங்கும் என்று நான் சொல்ல, நீங்கள் எறும்பு என்றீர்கள், ஈரம் என்றீர்கள், கல் என்றீர்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறி, "டென்டில் இவள் தூங்கவில்லை என்றால், ஒரு வருஷத்துக்கு நான் குடும்ப விஷயம் எதிலும் வாயே திறக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டேன். அந்த நேரத்தில் பதினொரு முகமும் பிரகாசமானதை நான் கவனிக்காமல் இல்லை. அதிலும் உங்கள் தங்கையின் முகம்.

இருந்தாலும் உங்கள் லாரியிலேயே எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு மெத்தையையும் நைசாகப் பின்னால் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று லாரியை எங்களிடமே நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போனீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. போகும்போது, தரை லேசாகச் சரிகிறது என்று முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, "மாப்பிள்ளை, கை பிரேக்கை நம்பாதீங்க, கியரையும் நம்பாதீங்க, இந்தக் கட்டை ஒண்ணைத்தான் நம்பணும். தயவுசெஞ்சு இதை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

முப்பத்தாறு வருஷம் பாலங்களுக்கு வரைபடம் போட்டவன் நான். டென்ட் எனக்கு ஒரு விஷயமா? பையின் மேலே ஒரு கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டு தேநீர் குடிக்கிற படம் போட்டிருந்தது. உள்ளே பதினொரு மொழியில் விளக்கப் புத்தகம், அதில் நமக்குத் தெரிந்த மொழி ஒன்றுகூட இல்லை. பரவாயில்லை என்று மட்டம் பார்க்கும் கருவியை வைத்துத் தரையை அளந்து, திசை பார்த்து, காற்றின் பக்கம் குறித்து, ஒரு மணி நேரத்தில் டென்டை நிற்க வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கையில் ஒரு கம்பி மிச்சம், வாசல் ஒரு பெரிய பாறையைப் பார்த்து நிற்கிறது. உள்ளே போக வேண்டுமென்றால் பாறையைக் கட்டிப்பிடித்தபடி பக்கவாட்டில் நுழைய வேண்டும். உங்கள் தங்கை லாரிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, "பாலம் எல்லாம் எந்தப் பக்கம் பாத்து கட்டுவீங்க?" என்று கேட்டாள். பிரித்து மறுபடி போட்டேன், இரண்டாவது தடவை இரண்டு கம்பி மிஞ்சியது.

அடுத்தது முளை அடிக்க வேண்டும். சுத்தியலைக் காணோம். எடுத்துப்போக வேண்டிய சாமான்களுக்கு நான் போட்ட பட்டியலில் முதல் வரியே சுத்தியல்தான். அந்தப் பட்டியல் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் சுத்தியலை வைத்தேன், இரண்டும் இப்போதும் எங்கள் வீட்டு மேசைமேல் பத்திரமாக இருக்கின்றன. சுற்றும் முற்றும் பார்த்தேன். கைக்கு அடக்கமாக, கனமாக, அளவெடுத்துச் செய்தது மாதிரி ஒரே ஒரு பொருள்தான் கண்ணில் பட்டது. பத்தே நிமிஷம், முளையை அடித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம் என்றுதான் மச்சான் எடுத்தேன். மனதில் வேறு எந்தக் கள்ளமும் இல்லை.

தரையோ இரும்பு. எட்டு முளையில் ஏழு வளைந்தது, எட்டாவது எங்கே போய் விழுந்தது என்று இதுவரை தெரியவில்லை. காவலர் தூரத்தில் நின்று, "சார், இங்க முளை எல்லாம் இறங்காது. காத்து வந்தா கூடாரத்தைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. முளை எதற்கு? அசையாத பொருள் ஒன்று பக்கத்தில் நிற்கிறதே! டென்டின் நான்கு கயிற்றையும் லாரியின் பக்கவாட்டில் தார்ப்பாய் மாட்டும் கொக்கிகளில் கட்டச் சொன்னேன். உங்கள் தங்கை எழுந்து வந்து, உங்கள் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் சொல்லிக்கொடுத்த அந்த லாரி முடிச்சைப் போட்டாள். நான்கு முடிச்சு, நான்கு நொடி. அவளைத் தவிர யாராலும் அதை அவிழ்க்க முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. கட்டையை டென்டுக்குள் கொண்டுபோய் அதன்மேல் தேநீர்க் கோப்பைகளை வைத்தேன். பையில் போட்டிருந்த படத்தில் இருப்பது போலவே இருவரும் சிரித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது என்பது சுத்தமாக மறந்தே போய்விட்டது.

படுத்தோம். தரைக்கும் எனக்கும் நடுவில் சரியாக இடுப்புக்கு நேரே ஒரு கல். படுக்கையைப் பதினைந்து பாகை திருப்பினேன், கல்லும் கூடவே வந்தது. "என்னங்க, முதுகுக்குக் கீழ யாரோ நடக்கறாங்க" என்றாள் உங்கள் தங்கை. டார்ச் அடித்துப் பார்த்தால் எறும்புகள், வரிசை தப்பாமல் ஒரு வாசல் வழியாக வந்து இன்னொரு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. டென்டில் இன்னொரு வாசல் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து "தலையணை எடுத்துட்டு வரேன்" என்று போனாள். லாரியின் பின்கதவுச் சங்கிலி கலகலவென்று ஒரு தடவை சத்தம் போட்டது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எழுந்துபோய்க் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! பதினொரு முகமும் கண் முன்னால் வந்தன. எப்படியும் அங்கேயும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெயிப்பது தோற்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டு வருஷமாக அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து விடியும்வரை தெருவைப் பார்ப்பதை நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன், எதுவும் செய்ய முடியாமல்.

விடிந்து ஆறு மணி இருக்கும். லேசாக ஒரு தூறல் போட்டுத் தரை இளகியிருந்தது. நான் தூக்கப்பைக்குள் கழுத்துவரை ஜிப் போட்டு, கல்லோடு ஒரு மாதிரி சமாதானமாகிப் படுத்திருந்தேன். திடீரென்று டென்டின் சுவர் என் முகத்தை நோக்கி வந்தது. பூகம்பம் என்று நினைத்தேன். அடுத்து தரை விரிப்பு நகர்ந்தது, நான் நகர்ந்தேன், கோப்பைகள் நகர்ந்தன, கட்டை உருண்டு வந்து என் முழங்காலில் இடித்தது. இடித்ததும் மூளையில் விளக்கு எரிந்தது: ஐயோ, சக்கரக் கட்டை! லாரி கிளம்பிவிட்டது! அவள் லாரியில் இருக்கிறாள்! ஜிப்பை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. எழுந்து நின்றேன், பையோடு குதித்தேன், டென்ட் என் தலையில் சரிந்தது. அது நடக்க, நானும் உள்ளேயிருந்து குதித்துக் குதித்துக் கூடவே போனேன். வெளியே காவலர் பல் துலக்கியபடி நின்றவர், "சார், கூடாரத்தோட எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. "லாரியைப் பிடியுங்க!" என்று அலறினேன். "அது மெதுவாத்தான் சார் போகுது. அங்க மண்மேடு இருக்கு, அதுவே நின்னுடும்" என்றார். சொன்னபடியே மண்மேட்டில் முட்டி மெத்தென்று நின்றது. பிறகு அளந்து பார்த்தேன், சரியாக இருபத்திரண்டு அடி.

டென்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். உண்மையாகவே கிழித்துக்கொண்டு, மச்சான். பின்கதவைப் பிடித்து ஏறி எட்டிப் பார்த்தால், உங்கள் தங்கை கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, வாயை லேசாகத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள்! எதிர்வீட்டு கேட் சத்தத்துக்கு எழுகிறவள், லாரி உருண்டதற்கு எழவில்லை, நான் அலறியதற்கு எழவில்லை! சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காவலரிடம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பல் துலக்கும் கையை.

இனி தீர்ப்புக்கு வருகிறேன். அவள் லாரியில்தானே தூங்கினாள், ஆகவே லாரிதான் ஜெயித்தது என்று நீங்கள் குதிப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த நேரத்தில் டென்டும் லாரியும் நான்கு கயிறுகளால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்று நகர்ந்தால் மற்றொன்றும் நகர்ந்தது என்பதற்குக் காவலரே சாட்சி. கட்டுமான விதிப்படி அப்படிப் பிணைந்தவை ஒரே கட்டடம். அந்தக் கட்டடத்தின் பெயர் டென்ட், லாரி அதன் மாடி. ஆகவே உங்கள் தங்கை தூங்கியது டென்டின் மாடியில். சபதம் நிறைவேறியது, நான் வாயைத் திறக்கலாம். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் நாளைக் காலையே வந்து உங்கள் லாரியை அப்புறப்படுத்திவிடுங்கள். மிச்ச நாளை நாங்கள் டென்டிலேயே கழித்துக்கொள்கிறோம். பதினொரு பேருக்கும் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் பெற்று வளர என் ஆசிகள். உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டும் என்று தோற்றவரிடம் காட்ட வேண்டிய பரிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த மாப்பிள்ளை

பி.கு. மடிக்கும் முன் ஒரு விஷயம். இந்தக் கடிதத்தை நான் எழுதியது லாரியின் பின்னால், அவள் கால்மாட்டில் உட்கார்ந்துதான். வேறு எங்கே உட்கார? டென்டில் ஆள் உயரத்துக்கு ஒரு கிழிசல். இப்போது, மணி பத்தேகாலுக்கு, அவள் கண்ணைத் திறக்காமலே, "அப்பா, வந்துட்டமா?" என்று கேட்டாள். போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன். "இல்லம்மா, இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. நீ தூங்கு" என்றேன். புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள்.

மச்சான், மேலே டென்ட் என்று வருகிற இடத்தில் எல்லாம் லாரி என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். கையெழுத்திலும் ஜெயித்த என்பதை அடித்துவிடவும். லாரியை எடுத்துப்போக நாளைக்கு வர வேண்டாம். இன்றைக்கே, காவலரோடேயே, ஓட்டுவதற்கு வாருங்கள். ஏரியைச் சுற்றி நல்ல பாதை இருக்கிறது. அந்த இருபத்திரண்டு அடி போன அதே வேகத்தில், எங்கள் இரண்டு பேரையும் பின்னால் படுக்க வைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் போதும். பேச்சு எதுவும் வேண்டாம், நான்தான் ஒரு வருஷம் வாயைத் திறக்கப்போவதில்லையே. முடிச்சு அவிழாததால் கயிற்றை அறுத்து, டென்டை மடித்து என் தலைக்கு வைத்துக்கொண்டேன், அதற்கு மிகவும் சௌகரியமாக இருக்கிறது. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டேன், நீங்கள் வந்து எடுத்தால் போதும்.