கைக்குப் போட்ட உரம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இரண்டு கைகளைத் தவிர. உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் ஒரு வரி எழுது. இதைப் போனிலேயே சொல்லலாம்தான். நீ சிரிக்கிற சத்தத்தைக் கேட்கும் தெம்பு எனக்கில்லை.

போன தடவை பேத்தி வந்தபோது ஆசையாகத் தூக்கி அணைத்தேன். "தாத்தா, குத்துது!" என்று நெளிந்து இறங்கியவள், நேரே சம்பந்தி மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த மனிதர் தலையிலிருந்து கால் வரை மழமழவென்று இருப்பார். நான் என் மேல்கையைத் தடவிப் பார்த்தேன். பொடிப்பொடியாக மேடு, ஒரே சொரசொரப்பு. ஊரார் வீட்டு மேசையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தச்சன் நான். என் கையே உப்புத்தாளாக இருந்தது தெரியாமல் போயிற்று! தெரிந்த தொழில்தானே என்று பீர்க்கங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன் பார், மேடு அப்படியே இருக்கிறது, தோல்தான் போயிற்று. நல்ல வேளை, மரம் சீவுகிற இழைப்புளியைத் தொடவில்லை.

அப்புறம்தான் தோல் ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி தங்கையாக இருக்கும் ஞாபகம் வந்து உனக்குப் போன் செய்தேன். "தேய்க்கவே கூடாதுண்ணா. வெதுவெதுப்பான தண்ணியில குளிச்சு, ஈரம் காயறதுக்குள்ள யூரியா போடுங்க" என்று சொல்லிவிட்டு, யாரோ நோயாளி கூப்பிட, வைத்துவிட்டாய். யூரியா எங்கே கிடைக்கும் என்று எனக்கா தெரியாது? உரக்கடைக்குப் போனேன். "எத்தனை ஏக்கருக்கு?" என்றார் கடைக்காரர். மீசையை முறுக்கிக்கொண்டு, "ரெண்டு கைக்கு" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சில்லறையாகக் கொடுக்க மாட்டாராம். மூட்டையைச் சுமந்து வந்து எண்ணெயில் குழைத்து அப்பினேன். குருணை கரையவில்லை. உரிந்த தோலில் பட்டதும் வீட்டைச் சுற்றி ஓடினேன். உன் அண்ணி கதவோரம் நின்று, "முளைச்சதும் சொல்லுங்க, தண்ணி பாய்ச்சறேன்" என்கிறாள்.

எரிச்சலுக்கு மருந்து கேட்கப் போனேன். நீ சொன்னது யூரியா கலந்த கிரீம் என்று மருந்துக்கடைக்காரர் சிரித்து முடித்த பிறகு சொன்னார். இனி அந்தக் கடைக்கு எந்த முகத்தோடு போவேன்? நீயே நல்லதாகப் பார்த்து வாங்கி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாள். இந்தத் தடவையும் சம்பந்தி மடிக்கே போய்விட்டால் எனக்குத் தாங்காதம்மா.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் வழவழப்பான கைகளுடன் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
முழுக்கைச் சட்டைக்குள் முனகிக்கொண்டிருக்கும்
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பேத்தியே வந்துவிட்டாள். என்னிடம் வராமல் எட்டி நின்றாள். "தாத்தா கைக்கு மருந்து வருது, பொறுத்துக்கோ" என்றேன். "கை இல்ல தாத்தா, மீசைதான் குத்துது!" என்றாள். கல்யாணத்தன்றுகூடக் கத்தி படாத மீசை. உடனே போய் எடுத்துவிட்டு வந்தேன். இப்போது என் மடியில்தான் படுத்திருக்கிறாள், கை மேடுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு. எரிகிறதுதான், வாயைத் திறப்பேனா? கிரீம் அனுப்பிவிடாதே. அவள் விரலுக்கு வேலையில்லாமல் போய்விடும்.