நாற்பத்திரண்டு தட்டுகளைத் தேய்த்த ஆயுத பூஜை

மந்தைவெளியைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கையில் புளி வாசனை இன்னும் போகவில்லை. தோளில் ஒரு மூட்டை. அதற்குள் மாற்று வேட்டியும் பூஜையில் கொடுத்த சுண்டலும் இருந்தன. நெற்றியில் சந்தனம். பார்த்தவர்கள் யாரோ பக்தன் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் ஒரு மனிதருடைய எட்டு மாத உழைப்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

என்னை யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். (ஓடுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதன் பிறகு உப்பளத்தில் மூட்டை தூக்கினேன், நாடகக் கம்பெனியில் திரை இழுத்தேன், ஒரு சத்திரத்தில் விளக்குத் துடைத்தேன். சாப்பாடு கிடைக்காத நாளில் பொழுதோடு படுத்துவிடுவேன். தூங்குகிறவனுக்குப் பசி தெரியாது. எந்த வேலையிலும் மூன்று மாதம் தங்கியதில்லை. ஊர் ஊராக நடந்ததால் உலகத்தில் நான் பார்க்காதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் மட்டும் நிறைய இருந்தது.

அந்த எண்ணத்தோடுதான் லஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பழைய பங்களாவில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு ஜமீன் குடும்பம் காலி செய்த வீடு. அதில் ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். ஆராய்ச்சி என்றால் பித்தளையைத் தங்கமாக்குவது என்று நினைத்திருந்தேன். முதல் நாள் முன் அறையில் ஒருவர் மீனின் தலைக்குள்ளிருந்து கடுகு போன்ற ஒரு கல்லை எடுத்து, அறுத்து, பூதக்கண்ணாடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் எண்றீங்க?"

"வயசு," என்றார். "இது காதுக்குள்ள இருக்கிற கல். இதுல வளையம் வளையமா வரும்."

எத்தனையோ மீன் தின்றிருக்கிறேன். அதற்குக் காது உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த அறையில் ஒருவர் மிருதங்கத்தின் தோலில் மெல்லிய மணலைத் தூவித் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் மணல் தானாக நகர்ந்து ஒரு கோலம் போடும். முதல் தடவை பார்த்தபோது விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். மாடியில் இருந்தவர் பழந்தமிழில் 'உம்' என்ற இரண்டெழுத்து என்னென்ன செய்கிறது என்று மூன்று வருஷமாகப் பார்த்துவந்தார். இன்னும் முடியவில்லையாம். அவருக்கு அடுத்தவர் களிம்பேறிய செப்புக் காசுகளில் எந்த ராஜாவின் முத்திரை என்று தேடுவார். சாந்தோம் மீனவர் வீட்டுப் பெண் ரோசலின், வலை இழுப்பவர்கள் பாட்டையும் ஒப்பாரியையும் எழுதிச் சேர்த்தாள்.

"ஒப்பாரியில என்னம்மா ஆராய்ச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க சித்தி அழுவறதுக்கும் நொச்சிக்குப்பத்து அக்கா அழுவறதுக்கும் தாளம் வேற, நைனா. ஒரே கடலு. அழுவ மட்டும் ரெண்டு விதமா கீது. ஏன்னு தெரியணும்ல?"

தெரியத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றிவிட்டது. சாயங்காலம் அந்த வீட்டைப் பெருக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஒரு கூரைக்குக் கீழே மீன் காது, மணல் கோலம், செப்புக் காசு, 'உம்'. ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிடுவார்கள். இத்தனை ஊர் நடந்து நான் பார்த்ததெல்லாம் சாலை மட்டும்தான் என்று அங்கேதான் புரிந்தது. இந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு மேலும் இருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

நினைத்த பன்னிரண்டாம் நாள் ஆயுத பூஜைக்கு முந்திய தினம்.

மேற்பார்வை பார்த்தவர் கன்னியப்பன். வேலூர் மாமியார் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் சாவிக்கொத்தை என்மேல் எறிந்தார்.

"நாளைக்கு மத்தியானம் பூஜ. வூடு பளபளன்னு இருக்கணும். ஒண்ணு விடாம கழுவி வெச்சுடு. பொட்டு மறக்காத."

அதுவரை கடைசி அறை எனக்குத் திறந்ததில்லை. அது சேஷாத்ரி என்பவருடையது. மயிலாப்பூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று எப்போதும் பூட்டி வைப்பார். திறந்தேன். மேஜை முழுக்க மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள், நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் கெட்டுப்போன கூழ். கூழின்மேல் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பஞ்சு போலப் பூசணம்.

என் மனம் உருகிவிட்டது. பாவம், படிப்பில் மூழ்கிய பிள்ளை, தின்ற தட்டைக் கழுவக்கூட நேரமில்லை.

வெந்நீர் போட்டேன். சாம்பல், புளி, தேங்காய் நார். மேலே ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளைச் சுரண்டி எடுக்கத்தான் சிரமம். தட்டுகள் முடிந்தபோது கொஞ்சம் புளி மிச்சம் இருந்தது. பக்கத்து அறையில் களிம்பேறிய பழங்காசுகள் இருந்தன. (இதைப் பற்றிப் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. பேசும் நிலையில் யாரும் இல்லை.)

வாசலில் கட்ட வாழைமரம் வேண்டும். விடிகாலையில் சைதாப்பேட்டைத் தோட்டத்துக்கு நடந்தேன். தோட்டக்காரர் ஒரு மூலையைக் காட்டினார்.

"அத்த எடுத்துக்க. சும்மாவே எடுத்துக்க. காமாலை வந்தவன் மாரி நிக்குது, சனியன்."

இலை கொஞ்சம் மஞ்சளாகத் தொங்கியது. இனாமாகக் கிடைத்த மரத்தில் குறை சொல்லலாமா? இரண்டைச் சுமந்துவந்து வாசலில் கட்டினேன்.

மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். புத்தகங்கள், பூதக்கண்ணாடி, மிருதங்கம், தட்டுகள் எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கிப் பட்டுத் துணியால் மூடி, பூப் போட்டிருந்தேன். சுண்டல் நன்றாக இருப்பதாக ரோசலின் சொன்னாள். சேஷாத்ரி மட்டும் கடைசி அறைக்குப் போய்விட்டு வெளுத்த முகத்தோடு திரும்பினார்.

"மேஜைமேல இருந்ததெல்லாம் எங்கே?"

"பூஜையில வெச்சிருக்கேன் சார்."

"காத்துப் படக்கூடாதுப்பா. துணியை எடு."

"இன்னிக்குத் தொடக் கூடாது சார். நாளைக்குத்தான் எடுக்கணும்."

"சாமி கோச்சுக்கமாட்டா. எடு."

பெருமையோடு எடுத்தேன். நாற்பத்திரண்டு தட்டுகளும் வெயிலில் வைரமாக ஜொலித்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு.

சேஷாத்ரி குனிந்தார். ஒரு தட்டைக் கையில் எடுத்தார். அதன் வழியாக என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ரோசலின்தான் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். "அது எச்சத் தட்டு இல்ல. வாழையச் சாவடிக்குது பாரு ஒரு நோவு, அந்தப் பூசணம். திருச்சியிலேந்து சீக்கு மரத்த ரயில்ல வரவெச்சு, எட்டு மாசமா வகை பிரிச்சு வளத்தாரு. மார்கழியில யூனிவர்சிட்டிப் பெரியவங்க வந்து பாக்கணும். காட்டாங்காட்டி இவரு படிப்பு அவ்ளோதான். ரெவின்யூ ஆபீசு குமாஸ்தா வேலைக்கு அப்பா ஏற்கெனவே எழுதிப் போட்டுட்டாரு."

உள்ளே காசு ஆராய்ச்சிக்காரரின் குரல் கேட்டது. "இது ராஜா காலத்துக் காசு. நேத்து அச்சடிச்ச காலணா மாதிரி இருக்கே."

மூட்டையைக் கட்டிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளாமல் போவது எனக்கு வழக்கம்தான். ஆனால் அன்று கேட்டைத் தாண்டியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் இன்னும் எத்தனை அறையில் எத்தனை அதிசயம் நடக்கும், ஒன்றையும் இனிமேல் பார்க்க முடியாது.

பாலத்தருகே கரையேற்றிய ஒரு கட்டுமரத்தின் மறைவில் படுத்தேன். விடிந்ததும் செங்கல்பட்டுப் பக்கம் போவதாக உத்தேசம்.

கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது, பக்கத்தில் சைக்கிள் மணி கேட்டது. சேஷாத்ரி. சைக்கிளின் பின்னால் வாழைத்தண்டு ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது. அடிப்பதற்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். என்னதான் இருந்தாலும் வாழைத்தண்டு, வலிக்காது.

"கன்னியப்பன் ராத்திரியே வேலூர்லேந்து வந்துட்டான். அவன்தான் சொன்னான், நீ எங்கேயாவது தண்ணிப் பக்கம்தான் படுத்துண்டிருப்பேன்னு," என்றார் மூச்சிரைக்க. "வாசல்ல கட்டின வாழை எங்கேந்து வந்தது?"

"திருடல சார். சைதாப்பேட்டைத் தோட்டக்காரரே குடுத்தாரு."

"அதை யாரு கேட்டா? இதைப் பாரு."

கன்னியப்பன் விடிந்ததும் வாசல் மரங்களை வெட்டிப் போட்டபோது சேஷாத்ரி தற்செயலாகப் பார்த்திருக்கிறார். தண்டின் வெட்டு வாயில் செங்கல் நிறத்தில் புள்ளிகள், வட்டம் வட்டமாக.

"இவன் யாருன்னு தெரியறதா? நீ கழுவினயே, அவன்தான். திருச்சியிலேந்து வரவழைச்சேன் நான், மடையன். இங்கே நாலு மைல்ல இருந்திருக்கான்."

"அப்போ திரும்ப வளர்க்கலாமா சார்?"

"எல்லாம் வராது. பாதி வகை போனது போனதுதான்." தண்டைக் கட்டிய கயிற்றை இறுக்கினார். "ஆனா மெட்ராஸ்ல இது இருக்குன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அதைக் காட்டலாம். மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, ஒரு தோட்டம் விடாமப் பார்க்கணும். எனக்கு அவ்வளவு நடக்கத் தெரியாது."

எனக்கு உலகத்தில் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

மார்கழியில் வந்தவர்கள் இரண்டு மணி நேரம் எங்கள் புதிய தட்டுகளைப் பார்த்தார்கள். ரெவின்யூ ஆபீஸுக்கு வேறு குமாஸ்தா கிடைத்தார். எனக்குக் கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும், எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் மனைவி புளிப்பானையை ஒளித்து வைப்பாள். ஊறுகாயில் பூசணம் பூத்தால் யாரும் கொட்டமாட்டார்கள். "அப்பாவைக் கேளு, ஆராய்ச்சியா இருக்கப்போவுது" என்பார்கள்.

ஆனால் அன்று விஜயதசமி. எழுத்துத் தொடங்குகிற நாள். சேஷாத்ரி எனக்கு ஒரு கத்தியும், ஒரு நோட்டும், மரங்களின் அடையாளம் எழுத ஒரு பென்சிலும் கொடுத்தார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே என் உத்தியோகத்தின் முதல் விதியை அவரே எழுதியிருந்தார்: "எதையும் கழுவாதே."

மூட்டையிலிருந்த சுண்டலை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு, சைதாப்பேட்டைக்கு நடந்தோம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் முன்னால் போனேன், வழியிலிருந்த ஒவ்வொரு வாழையையும் பார்த்துக்கொண்டு.