லிஃப்டில் மாட்டியவர்கள் என்ன படித்தார்கள்?

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் உன் மருமகளான என் பெண்ணும் சௌக்கியம். என் பொறுப்பில் இருக்கும் முப்பத்தெட்டு லிஃப்டுகளில் முப்பத்தாறும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் அதைவிட நல்ல கணக்கில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லவேண்டியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைக்காதே. போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே நீ தீர்ப்பு சொல்லிவிடுகிறாய். கடிதமென்றால் நீ என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் மருமகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டது. மோசம் என்று சொல்ல முடியாது, ஊரைக் கூட்டிச் சொல்லவும் முடியாது. அத்தான் பெரிய மனது பண்ணித் தனக்குத் தெரிந்த கல்லூரியில் வணிக நிர்வாகத்தில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும், நீயும் தினம் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்கிறாய். நான் "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன் அல்லவா, சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு படிப்புகள் இருக்கின்றன அக்கா! நான் படிக்கும்போது இருந்தது இரண்டே வழி, பாஸ் அல்லது ஃபெயில். இப்போது மண்ணைப் பற்றி மட்டும் படிக்கலாம், மேகத்தைப் பற்றி மட்டும் படிக்கலாம், பொட்டலம் கட்டுவதற்கென்றே நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. நான்கு வருடம் அப்படி என்னதான் கட்டுவார்கள்? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், வீட்டுக்கு வந்து உரக்க வாசித்தும் காட்டினேன். உன் மருமகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நான் அப்போது மேகத்தில் இருந்ததால் கையமர்த்திவிட்டேன். உன் தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளல்லவா, பார்வையே வேறு. "அட்மிஷன் உங்களுக்கா அவளுக்கா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் மணிப் பொத்தானை அமுக்குவார்கள், மேலே இயந்திர அறையில் இருக்கும் எனக்கு அவர்கள் பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். வேலை முடிகிறவரை ஆளைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி, பேச்சு நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும். இத்தனை காலமாக நான் வெயிலையும் மழையையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கையேடு வந்த வாரம் ஏழாம் நம்பர் லிஃப்டில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஒரு வங்கி மேலாளர் மாட்டிக்கொண்டார். வாய் சும்மா இருக்குமா, "சார், நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். மடை திறந்த மாதிரி கொட்டினார் அக்கா. படித்தது விலங்கியலாம். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டாராம். நான் பத்தே நிமிடத்தில் பழுதைச் சரிசெய்துவிட்டேன், ஆனால் அவர் அப்போதுதான் பேராசிரியரோடு சண்டை போட்ட கட்டத்துக்கு வந்திருந்தார். கதவைத் திறந்தால் ஆள் போய்விடுவார், கதையும் போய்விடும். அதனால் இருபது நிமிடம் கழித்துத் திறந்தேன். தப்புத்தான். ஆனால் யார் ஜெயித்தார் என்று தெரியாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவது?

அவரோடு சேர்த்து மூன்று வாரத்தில் பதினோரு பேரை விசாரித்துவிட்டேன். பல் டாக்டர் அம்மா ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்து ரயில் ஓட்டத்தான் ஆசையாம், இப்போதும் ரயில் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாராம். சட்டம் படித்த ஒருவர் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறார், "நாய் குரைக்கும், ஆனா வாய்தா கேக்காது" என்றார். கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர் மெத்தை விற்கிறார், நிம்மதியாக இருக்கிறார். பதினோரு பேரில் ஆசைப்பட்டதையே படித்து அதையே தொழிலாகச் செய்கிறவர் ஒரே ஒருவர்தான், கட்டட வடிவமைப்பாளர். அந்தக் கட்டடத்தை வரைந்ததே அவர்தான், உள்ளே மாட்டிக்கொண்டு அழுததும் அவர்தான். எல்லாவற்றையும் மறக்காமல் இருக்க வேலை நோட்டில் குறித்துவைத்தேன், அங்கேதான் சனியன் பிடித்தது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் மாத அறிக்கை எழுதுவேன். இந்த மாதம் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏழாம் நம்பர் லிஃப்ட், பழுதுக்குக் காரணம் விலங்கியல்னு எழுதியிருக்கே. உள்ள எலி ஏதாவது பூந்துடுச்சா?"

"இல்ல சார்..."

"பன்னெண்டாம் நம்பருக்குக் காரணம் சட்டம். யாராவது கேஸ் போட்டிருக்காங்களா?"

நடந்ததைச் சொன்னேன். காது கிழியத் திட்டினார். இனிமேல் மாட்டினவர்களிடம் மழை வெயிலைத் தவிர வேறு பேசினால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாசல்வரை போனேன். "ஏம்ப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். "இத்தனை பேரைக் கேட்டியே, என்னைக் கேக்கத் தோணுச்சா? நான் படிச்சது வரலாறுய்யா." வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உன் தம்பி மனைவி பொறுமை இழந்து, "மாட்டினவங்களைக் கேட்டது போதும், ஒழுங்கா காலேஜுக்குப் போய் ஆலோசகரைப் பாருங்க" என்று எங்கள் இருவரையும் அனுப்பிவைத்தாள். ஆலோசகருக்கு ஐந்தாம் மாடியில் அறை, கீழேயே எங்களைப் பார்த்துவிட்டு, வாங்க பேசிக்கிட்டே போகலாம் என்று லிஃப்டில் ஏற்றினார். எதிர்காலத்தைப் பதற்றமில்லாமல் அணுக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடிக்கு மேலே லிஃப்ட் நின்றுவிட்டது, விளக்கும் போய்விட்டது. அக்கா, இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் உள்ளே மாட்டியது இதுதான் முதல் தடவை. வெளியே இருந்தால் நான் சிங்கம். உள்ளே நான் இருட்டில் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆலோசகர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார், மொத்தம் ஆறு கயிறு, ஒண்ணு அறுந்தாலும் அஞ்சு இருக்கும்" என்றேன். அவர் கண்ணை மூடிவிட்டார். உன் மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தன் போன் வெளிச்சத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி மெதுவாக இறக்கினாள். அவரும் அந்தக் கைகளையே பார்த்து மூச்சை இழுத்தார், விட்டார். இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வந்தது வேறு கம்பெனி மெக்கானிக், ஸ்பீக்கரில் எங்களை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன தொழில் பழகினானோ!

ஆலோசகர் வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு உளவியல் படிக்கணும் சார், வேற யோசனையே வேண்டாம்" என்றார். எனக்கும் பளிச்சென்று பட்டது. கையேட்டில் நூற்று நாற்பதாவது படிப்பு. அன்றைக்கே விண்ணப்பத்தை என் கையாலேயே அடித்தல் திருத்தல் இல்லாமல் பூர்த்தி செய்துவிட்டேன். அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள், "பேனா மை காயட்டும், இரு" என்றேன். ஆகவே அக்கா, அத்தானிடம் என் நன்றியைச் சொல்லி அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இது பதினோரு பேரையும் ஒரு சூப்பர்வைசரையும் ஓர் ஆலோசகரையும் விசாரித்து எடுத்த முடிவு. ஒரு தகப்பன் இதற்கு மேல் விசாரிக்க முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தீர்க்காயுசோடும் அவரவர் மனதுக்குப் பிடித்த வேலையோடும் இருக்க என் ஆசிகள். உன் முட்டிவலி குறையட்டும், மாடிக்கு லிஃப்டிலேயே போ.

இப்படிக்கு,
என்றும் உன் சொல் தட்டாத தம்பி

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்பாதே. என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்று காலையில் உறைமேல் விலாசம் எழுத உன் மருமகளிடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் படித்துவிட்டாள். சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எல்லாரையும் கேட்டிருக்கீங்கப்பா. என்னைக் கேட்டீங்களா?"

அக்கா, நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அவமானமாக இருந்தது. "நீ என்னம்மா படிக்கப்போற?" என்று அப்போதுதான் கேட்டேன். சைகை மொழிபெயர்ப்பு, இரண்டு வருட டிப்ளமோ என்றாள். பள்ளியில் அவளுக்குப் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் காது கேட்காதாம். "டீச்சர் போர்டைப் பாத்துக்கிட்டே பேசுவாங்க, அவளால உதட்டைப் பாக்க முடியாது. நான் எழுதி எழுதிக் காட்டுவேன், கை வலிக்கும். அதான் கத்துக்கிட்டேன்." ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் போய்வந்தது அதற்குத்தானாம், நான் கணக்கு டியூஷன் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பம் போட்டு, நேர்முகமும் முடித்து, இடமும் கிடைத்துவிட்டதாம். அம்மாவுக்குத் தெரியுமாம், ஆலோசகராவது என்னை அவளிடம் கேட்கவைப்பார் என்றுதான் அனுப்பினாளாம். நான் பூர்த்தி செய்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம் அவள் ஒன்று கேட்டாள். "காது கேக்காதவங்க லிஃப்ட்ல மாட்டினா நீங்க ஸ்பீக்கர்ல என்னப்பா பேசுவீங்க?" இருபத்திரண்டு வருடமாக முப்பத்தெட்டு லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவர்கள் பொத்தானை அமுக்கிவிட்டு, யாருக்காவது கேட்டதா என்றுகூடத் தெரியாமல் நின்றிருப்பார்கள். கதவு நாலு விரல் திறந்தாலும் போதும், கை தெரியும் என்றாள். "வந்துட்டேன், பயப்படாதீங்க" என்பதைக் கையால் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். காட்டினாள். நான் ஆறு தடவை தப்பாகச் செய்தேன், ஏழாவது தடவை சரி என்றாள். இன்றைக்கு வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போகிறேன்.