விட்ட வேலை, விடாத சம்பளம்

“என்னங்க, இந்த மாசமும் வந்துடுச்சு” என்று கைபேசியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் மனைவி.

ஸ்டோர்காரர் திரையைப் பார்த்தார். வாயில் வைத்த கவளம் உள்ளே போகவும் மாட்டேன், வெளியே வரவும் மாட்டேன் என்று நின்றது. ஊரில் எல்லோருக்கும் சம்பளம் வராவிட்டால்தான் சோறு இறங்காது. அவருக்கு வந்ததால் இறங்கவில்லை.

காரணம் இருந்தது. மெத்தைக் கம்பெனி வேலையை அவர் விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. கம்பெனியின் பெரிய கிடங்கு அவர் பொறுப்பில் இருந்ததால் ‘ஸ்டோர்காரர்’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை போயும் பெயர் போகவில்லை. சம்பளமும் போகவில்லை என்பதுதான் இப்போதைய சிக்கல்.

“அங்க இருந்தப்போ பத்தாம் தேதி, பதினஞ்சாம் தேதின்னு இழுத்தடிச்சாங்க. விட்டதும் ஒண்ணாம் தேதி டாண்ணு வருது. நீங்க முன்னாடியே விட்டிருக்கணும்” என்றாள் மனைவி.

“சிரிக்காதே. எந்தக் கம்பெனி என்னைக் கை நீளம்னு சொல்லிச்சோ, அவங்க காசு என் கணக்குல சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுப் பதில் சொல்றது?”

மனைவி சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். கிடங்கில் சில மெத்தைகளை எலி குதறிவிட்டது. மேனேஜர் வந்து பார்த்தவர், “எலி மெத்தை தின்னுமா? நல்லதை வித்துட்டு இதை வெச்சிருக்கே” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஸ்டோர்காரர் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர். சட்டைப் பையில் தவறி வந்த கம்பெனிப் பேனாவைத் திருப்பி வைக்க விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனவர். அவர் சாவிக் கொத்தை மேஜைமேல் வீசினார். “இனிமே உங்க காசு ஒத்தப் பைசா என் கை தொடாது!” என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சுமை தூக்குகிறவர்கள் கை தட்டியதாகக்கூடக் கேள்வி.

“கொடுத்துடுங்க” என்றாள் மனைவி. “நம்மது இல்லாத காசு நம்ம வீட்டுல தங்கினா, போகும்போது நம்ம காசையும் கூட்டிக்கிட்டுப் போயிடும்.”

மறுநாளே வங்கிக்குப் போனார். மூன்று மாதச் சம்பளத்தையும் கம்பெனிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். கவுண்டரில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன பணத்தைத் தேடி வர்றவங்களைப் பார்த்திருக்கேன். வந்த பணத்தைத் துரத்தி விடறவரை இப்பத்தான் பார்க்கறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?”

“இதை அனுப்பிட்டா சரியாயிடும்.”

அனுப்பினார். மனசு பஞ்சாக லேசாகியது. கட்டில் கடையில் புதிதாகச் சேர்ந்த வேலையில் முழு மனசாக இறங்கினார். கட்டில் கடை முதலாளி சேர்க்கும்போதே ஒன்று சொல்லியிருந்தார்: “எனக்கு முழு ஆளு வேணும். பாதி ஆளு வேணாம்.” இப்போதுதான் முழு ஆளானோம் என்று ஸ்டோர்காரர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஒன்றாம் தேதி கைபேசி இரண்டு முறை மணியடித்தது. முதல் மணி, அந்த மாதச் சம்பளம். இரண்டாவது மணி, அவர் அனுப்பிய மொத்தப் பணமும் வட்டியோடு. ‘நமது ஊழியர் சேமிப்புத் திட்டத்தில் ஆர்வத்துடன் பணம் போட்டதற்கு நன்றி’ என்று ஒரு வாழ்த்தும் கூடவே வந்தது.

மனைவி படித்துப் பார்த்தாள். “ஆட்டைக் கொண்டுபோய் அவங்க தொழுவத்துல விட்டுட்டு வந்தீங்க. அது குட்டியோட திரும்பி வந்திருக்கு.”

நேரில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தார். கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. சம்பளப் பிரிவோ நகரத்தின் நடுவில், தலைமை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். அதுவரை அந்தக் கட்டடத்தை அவர் பார்த்ததே இல்லை.

வாசலில் காவலாளி மறித்தார். “ஸ்டாஃபா, வெளி ஆளா?”

“ஸ்டாஃபா இருந்தேன்.”

“‘இருந்தேன்’னு ஒரு வழி இங்க இல்லை சார். ஸ்டாஃப்னா உள்ள போங்க. வெளி ஆளுன்னா வெளிய நில்லுங்க.”

வேறு வழியில்லாமல் அங்கிருந்த கருவியில் விரலை வைத்தார். ‘நல்வரவு’ என்று அது பச்சை விளக்கு காட்டியது. விட்ட வேலைக்கு அன்றைய வருகையும் பதிவாகிவிட்டது.

மூன்றாவது மாடியில் வரிசையாக மேஜைகள். எல்லா நாற்காலியும் காலி. சில நாற்காலிகளில் ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் ஒரே ஒரு மேஜையில் மட்டும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள். அவர் எதிரே ஒரு கூட்டம்.

ஸ்டோர்காரர் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தார். பார்க்கப் பார்க்க அசந்துபோனார். சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று கொதித்து வந்த லாரி டிரைவர், குளிர்ந்து போனார். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் அலைந்துகொண்டிருந்த துப்புரவுப் பெண்மணியிடம், “இரண்டாவது மாடி, நீலச் சட்டைக்காரர். அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க. பக்கத்துல இருக்கறவர் குழப்பி விட்டுடுவார்” என்றார் அந்த அம்மாள். அந்தப் பெண்மணி போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். அந்த அம்மாள் யாரிடமும் எரிந்து விழவில்லை. ‘நாளைக்கு வாங்க’ என்ற சொல் அந்த வாயிலிருந்து வரவே இல்லை.

அவர் முறை வந்தது.

“அம்மா, நான் கிடங்குல இருந்தேன். வேலையை விட்டுட்டேன். ஆனா சம்பளம் வந்துக்கிட்டே இருக்கு. அதைத் திருப்பிக் கொடுக்கணும்.”

அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி அவரை நன்றாகப் பார்த்தார். “திருப்பிக் கொடுக்கவா வந்தீங்க? உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க.”

குடித்தார்.

“இந்தக் கட்டடத்துல கொடுக்கறதுக்குப் பத்து வழி வெச்சிருக்காங்க சார். திருப்பி வாங்கிக்க ஒரு வழி வைக்கலை. கம்ப்யூட்டர்லேருந்து உங்க பேரை எடுக்கணும்னா நாலாவது மாடிப் பெரிய அதிகாரி சொல்லணும். அவர் எப்பவும் போன்லதான் இருப்பார். அதனால சுருக்கமாச் சொல்லுங்க.”

நாலாவது மாடியில் பெரிய அதிகாரி போனில்தான் இருந்தார். ஸ்டோர்காரர் சுருக்கமாகவே சொன்னார்: “சார், நான் வேலையை விட்டுட்டேன்.”

அதிகாரி போனைக் கையால் பொத்தினார். “விட்டுடுவேன், விட்டுடுவேன்னு எல்லாரும் இதே மிரட்டல்! சரி, கூட்டித் தர்றேன்.”

“கூட்ட வேணாம் சார். நிறுத்தணும்.”

“நிறுத்தறேன்யா, எல்லா மிரட்டலையும் இதோட நிறுத்தறேன். கூட்டியாச்சு. போய் வேலையைப் பாருங்க.”

அடுத்த மாதம் கூட்டித்தான் வந்தது.

“நீங்க இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க” என்றாள் மனைவி. “போகப் போக ஏறுது.”

போகாமல் எப்படி இருப்பது? மறுபடி மூன்றாவது மாடி. மறுபடி அதே வரிசை. ஸ்டோர்காரர் எலிக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்.

“நல்லவிதமாப் போனா விட மாட்டாங்க போலிருக்கு. அவங்களா உங்களை வெளிய தள்ளணும். போய் ஒரு சண்டை போடுங்க.”

“எனக்குச் சண்டை வராதும்மா.”

“அந்த எலி விஷயம் மனசுல இருக்குல்ல? அதைக் கொஞ்சம் திறந்து விடுங்க. தானா வரும்.”

வந்தது. வருஷக்கணக்காக விழுங்கியதெல்லாம் நாலாவது மாடியில் கொட்டியது. கிடங்குக் கூரை ஒழுகுவது, எலி பூனை அளவுக்கு வளர்ந்திருப்பது, சம்பளத்தை நொண்டியடித்துக் கொடுப்பது, எதையும் விடவில்லை. கடைசியில் மேஜையை ஓங்கித் தட்டினார். தட்டிய கை வலித்தது. வலியை வெளியே காட்டவில்லை.

“உங்க கம்பெனியில எலிக்கு இருக்கற மரியாதை மனுஷனுக்கு இல்லை! நேர்மையா இருந்தவனைத் திருடன்னு சொன்ன இடம் இது. என் பேரு உங்க கம்பெனியில இருக்கறது எனக்குத்தான் அவமானம். இப்பவே எடுங்க!”

பெரிய அதிகாரியின் காதிலிருந்து போன் மெல்லக் கீழே இறங்கியது. அதைப் பார்க்க வாசலில் நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

“இத்தனை வருஷத்துல என் முகத்துக்கு நேரா உண்மை பேசின ஒரே ஆள் நீங்கதான்யா” என்றார் அதிகாரி. குரல் தழுதழுத்தது. அப்போதே கிடங்கு மேனேஜரைப் போனில் பிடித்து வறுத்தெடுத்தார். அது முடிந்ததும் போனை ஸ்டோர்காரரிடம் நீட்டினார்.

“தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்க. எலிதான் தின்னுச்சு” என்றது மறுமுனையில் ஒரு தேய்ந்த குரல்.

ஸ்டோர்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் காத்திருந்தார்! அவர் நெகிழ்ந்து நின்ற அந்த நேரத்தில் பெரிய அதிகாரி அவரை எல்லாக் கிடங்குகளுக்கும் மேற்பார்வையாளராக்கிவிட்டார். நெகிழ்ச்சி அடங்கி, “வேணாம் சார்” என்று சொல்ல வாயைத் திறந்தபோது போன் மறுபடி காதுக்கு ஏறியிருந்தது.

மறுநாள் காலை கட்டில் கடை வாசலில் கம்பெனிக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். “தெருவுல விசாரிச்சு வந்தேன். கிடங்குகளைப் பார்க்கப் போகலாமா சார்?”

கட்டில் கடை முதலாளி காரைப் பார்த்தார். ஸ்டோர்காரரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த தூசி துடைக்கும் துணியையும் பார்த்தார்.

“என்னய்யா இது? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா?”

“இல்லைங்க முதலாளி. அங்க விட்டுட்டேன். சம்பளம் தப்பா வருது. திருப்பிக் கொடுக்கப் போனேன், சம்பளத்தைக் கூட்டிட்டாங்க. சண்டை போட்டேன், பதவி கொடுத்துட்டாங்க.”

“என் காதைப் பாரு. பூ ஏதாவது வெச்சிருக்கா?”

“சத்தியமாங்க.”

“அங்க உன் பேரை எடுத்துட்டு வா. அதுவரைக்கும் இங்க வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது.”

காரைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டு ஸ்டோர்காரர் நடந்தே வீட்டுக்கு வந்தார். உழைத்த இடத்தில் கூலி இல்லை. உழைக்காத இடத்தில் கதவு திறந்துவிட ஆள். நடந்ததைச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வேற யாராவதா இருந்தா இந்நேரம் அந்தக் கார்ல ஏறி, கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கை காட்டியிருப்பாங்க” என்றாள். “நீங்க செருப்புத் தேய நடந்து வந்திருக்கீங்க. உங்களைக் கட்டிக்கிட்டதுல காசு பணம் பெரிசாப் பார்க்கலை. ஆனா இதைப் பார்த்துட்டேன்.”

ஸ்டோர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது போலத் துடைத்துக்கொண்டார்.

“கிளம்புங்க. அந்தம்மாகிட்டயே போவோம். நானும் வர்றேன். வார்த்தைக்கு வார்த்தை அந்தம்மா, அந்தம்மான்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கணும்.”

அன்று மூன்றாவது மாடியில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. அந்த அம்மாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். கைத்தடியோடு ஒரு முதியவர் வந்து நின்றதும் மூடி வைத்தார். முதியவரின் காதருகே குனிந்து, உரக்க, பொறுமையாக, அதையே மூன்று விதமாகச் சொன்னார். முதியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். டப்பாவை மறுபடி திறப்பதற்குள் இன்னொருவர் வந்துவிட்டார்.

“நீங்க சொன்னது கொஞ்சம்தான்” என்று கணவரின் காதில் கிசுகிசுத்தாள் மனைவி. “மேல உட்கார வேண்டியவங்க இவங்கதான்.”

அவர்கள் முறை வந்ததும் ஸ்டோர்காரர் உட்காரவில்லை. கை கூப்பி நின்றார்.

“அம்மா, கட்டில் கடையிலேயும் என்னை வெளிய நிறுத்திட்டாங்க. நீங்க சொன்னபடியெல்லாம் செஞ்சேன், சிக்கல் ஏறிக்கிட்டேதான் போகுது. அதுக்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை பெரிய கட்டடத்துல வேலை செய்யற ஒரே ஆள் நீங்கதான். வர்றவங்களை மனுஷனா மதிக்கற ஒரே ஆளும் நீங்கதான். எனக்கு இனிமே எந்த அதிகாரியும் வேணாம். நீங்களே, உங்க கையாலேயே, என் பேரை அடிச்சு விட்டுடுங்க. கோடிப் புண்ணியம்!”

வரிசையில் நின்றவர்களும் “ஆமாம்மா, செஞ்சு கொடுங்கம்மா” என்றார்கள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் மெதுவாகத் துடைத்தார்.

“அந்த அதிகாரம் இருந்திருந்தா முதல்ல என் பேரைத்தான் சார் அடிச்சிருப்பேன்; நானும் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, வர்ற சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் தினமும் வந்து இப்படி உட்கார்ந்திருக்கேன்!”