ஒரே ஒரு ஒயர்

விளையாடுபவர்கள் ஒரு இனம், வாசகரே. விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒயர் மாட்டுபவர்கள் இன்னொரு இனம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னவர் விளையாடவே மாட்டார்.

அவரிடம் முப்பது வருடப் பழைய வீடியோ கேம் பெட்டிகள் ஆறு இருக்கும். டிவி ஒன்று. நடுவில் ஆறு பட்டன் வைத்த ஸ்விட்ச் பாக்ஸ். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அந்தப் பெட்டியின் படம் டிவிக்குப் போகும். அவ்வளவுதான் அதன் வேலை. இதற்காக அவர் சோபாவை நகர்த்தி, சுவரில் துளை போட்டு, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்களைச் சடை பின்னி, ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதி, விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன்பே ஒன்று முதல் ஆறு வரை அழுத்திக் காட்டி, "படம் வந்துச்சு, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். விளையாட்டா? அது எதற்கு? படம்தான் வந்துவிட்டதே.

மனைவி செய்தி பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. ஆறு பட்டனையும் விடுவித்து, டிவிக்குப் பின்னால் ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகி, ஸ்விட்ச் பாக்ஸின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு. பெரும்பாலும் அதற்குள் செய்தி முடிந்துவிடும்.

இந்த இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா. போன மாதம் இறந்துவிட்டார்.

வாரம் தவறாமல் போன் செய்வார். "ஞாயித்துக்கிழமை வாம்மா, ரெண்டு பேரும் ஆடலாம். ஒரே ஒரு ஒயர்தான் பாக்கி." மாதம் ஒரு தடவையாவது போவேன். அவர் டார்ச் பிடிப்பார், நான் டிவிக்குப் பின்னால் குனிந்து தேடுவேன். அம்மா சாப்பிடக் கூப்பிடும் நேரத்தில் படம் வரும். அணைப்பார். ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒரே ஒயர் மாதாமாதம் எப்படிக் கழன்றுகொள்ளும்? மின்னணுப் பொறியியல் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் கழட்டிவிடு, இனியாவது நிம்மதியாகச் செய்தி பார்க்கிறேன் என்றாள் அம்மா. ஒரு மணி நேர வேலை. கழட்டுவதற்கு முன் சோதித்தேன். ஆறிலும் படம். கோடு இல்லை, இரைச்சல் இல்லை.

"எப்பம்மா சரி பண்ணாரு?"

"அது அஞ்சு வருஷமா சரியாத்தான்டி இருக்கு. நீ வரேன்னா காலையில ஒண்ணைக் கழட்டி வெப்பாரு."

மூன்று வாரம் ஆகிவிட்டது. கழட்டி முடித்தாயா என்று அம்மா நேற்றும் கேட்டாள்.

"ஒரே ஒரு ஒயர்தான்மா பாக்கி."

அவள் டார்ச்சை எடுத்துவந்து பிடித்தாள்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு முன் ஒன்று. உங்கள் வீட்டிலும் நெடுநாளாகச் சரியாகாத ஒரு குழாயோ கதவோ இருக்குமே, அது யார் வருவதற்காக?