தத்துப்பிள்ளை மேம்பாட்டுக் குழு

முறைப்படி கூட்டம் போட்டு முறைப்படி தீர்மானம் நிறைவேற்றினால் எந்த ஜீவராசியையும் திருத்திவிடலாம் என்ற மாபெரும் உண்மையை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மண்ணுக்கு வழங்கியவர் நார்மன் ஹெபிள்த்வெய்ட். நகரசபையில் பயிற்சி அதிகாரி. ‘கூட்டங்களில் விழித்திருப்பது எப்படி?’ என்று அவர் நடத்திய வகுப்பில் நகரசபையின் குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு இரண்டு ஃபெரெட் குட்டிகள் வந்து சேர்ந்தது அவற்றின் பூர்வஜென்ம புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்தால் கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். நீள உடம்பு, குட்டைக் கால், ஊசிப் பல்.

கொண்டுவந்தவள் அவர் மனைவி தெல்மா. மகள் லீட்ஸ் நகருக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த வீட்டில் கெட்டில் கொதிப்பதும் நார்மன் பேசுவதும்தான் சத்தம். கெட்டிலாவது கொதித்து முடித்தால் நிற்கும். ஆதரவற்ற விலங்குகள் காப்பகத்தில் ஒரு குட்டி அவள் சட்டைக் கைக்குள் புகுந்து கழுத்து வழியாக எட்டிப் பார்த்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள் தெல்மா. சிரித்து முடித்ததும், கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இரண்டையும் கேட்டுவிட்டாள்.

காப்பகத்து மிஸஸ் ஓல்ராய்டு கறாரான பெண்மணி. “கோடை முடியறப்போ வந்து பாப்பேன், கண்ணு. நல்லாத் தின்னு, கடிக்கறத விட்டு, மூலையில வச்ச தட்டுல ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகப் பழகியிருந்தா உன்னோடதுங்க. இல்லன்னா தூக்கிட்டு வந்துடுவேன். அழுதாலும் விட மாட்டேன்.”

அன்று மாலையே ‘தத்துப்பிள்ளை மேம்பாட்டுக் குழு’ சோபாவில் கூடியது. தலைவர், நார்மன். செயலாளர், தெல்மா. ‘களப்பணியாளர்’ பதவிக்கும் தெல்மாவே போட்டியின்றித் தேர்வானாள்.

“இதுங்க ஏன் பக்கவாட்டுல குதிக்குது? ஏதும் வலிப்பா?” என்றார் தலைவர்.

“சந்தோஷம், நார்மன். குஷி வந்தா இப்படித்தான் தத்துமாம்.”

“தத்துப்பிள்ளைன்னா தத்தத்தானே செய்யும்” என்றார் நார்மன். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவும் சொன்னார்.

குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் தீர்மானம் அடுத்து வந்தது. மூத்தது ‘முன்னோடித் திட்டம்’, இளையது ‘இரண்டாம் கட்டம்’. தெல்மா அவற்றைப் பிக்கிள், மஸ்டர்ட் என்று கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டால் ஓடி வந்தன. தலைவர் கூப்பிட்டால் தூங்கின. தூக்கத்தில்தான் பாடம் ஆழமாகப் பதியும் என்பது நார்மனின் அனுபவம்.

பிறகு உணவுக் கொள்கை.

“கறி மட்டும்தான் குடுக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க. பால்கூட ஆகாதாம்” என்றாள் தெல்மா.

“காய்கறியும் கறிதானே?” அந்த மாதம் நகரசபையில் எல்லோரும் பச்சைக் காய்கறி விரதத்தில் இருந்தார்கள். “கேரட் குடு. கண்ணுக்கு நல்லது.”

“அதுங்க என்ன பேப்பரா படிக்கப் போகுது?”

தீர்மானம் நிறைவேறியது. தினமும் ஒரு கேரட் வைக்கப்பட்டது. குட்டிகள் அதைக் கவ்வி, மரியாதையாகச் சோபாவுக்கடியில் கொண்டுபோய் அடக்கம் செய்தன. தெல்மா கசாப்புக் கடையில் கோழி ஈரல் வாங்கிவந்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு நாளில் ஆறு ஏழு வேளை ஊட்டினாள். குட்டிகள் பளபளவென்று வளர்ந்தன. “பாத்தியா கேரட்டோட மகிமையை” என்றார் நார்மன்.

கழிவறைப் பயிற்சியிலும் கொள்கை தெளிவாகவே இருந்தது. ஒரு மூலையில் தட்டு. மற்ற மூன்று மூலைகளில் ‘இங்கே அனுமதியில்லை’ என்ற அறிவிப்பு. எழுத்தறிவில்லாத குட்டிகள் மூன்று மூலைகளையும் விட்டுவிட்டு நார்மனின் கைப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தன. தெல்மா ஒவ்வொரு தூக்கம் முடிந்ததும் குட்டிகளைத் தூக்கிப்போய்த் தட்டில் விட்டாள். போனால் ஈரலில் ஒரு துணுக்கு. ஒரு மாதத்தில் பழகிவிட்டன. அறிவிப்புப் பலகையின் வெற்றி பற்றி நார்மன் அலுவலகத்தில் விரிவுரை ஆற்றினார்.

கடிப்பதுதான் பெரும்பாடு. கடித்த குட்டியை வலிக்கிறதென்று கீழே விட்டால், கடித்தால் விட்டுவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். அதனால் தெல்மா விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பிடரியைப் பிடித்து, “கூடாது” என்றாள். நூறு தடவை சொன்னாள். கையெல்லாம் குண்டூசிக் குத்தல். நார்மனும் சும்மா இருக்கவில்லை. சோபாவின் மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, ‘கடிப்பதன் எதிர்மறை விளைவுகள்’ பற்றிக் குட்டிகளுக்கு உரையாற்றினார்.

செப்டம்பரில் மிஸஸ் ஓல்ராய்டு வந்தாள். தெல்மாவுக்குக் காலையிலிருந்து தேநீர்கூட இறங்கவில்லை.

“எத்தனை வேளை ஊட்டறீங்க?”

“தேவைக்கேற்ப. எங்க அணுகுமுறை நெகிழ்வானது” என்றார் நார்மன்.

“இப்ப நாலு வேளை. முன்ன ஆறு, ஏழு” என்றாள் தெல்மா.

மிஸஸ் ஓல்ராய்டு குனிந்து சோபாவுக்கடியில் பார்த்தாள். நிமிர்ந்தாள். “முயல் வளக்கறீங்களா?”

நார்மன் வெளியே எட்டிப் பார்த்த ஒரு கேரட்டைக் காலால் உள்ளே தள்ளினார்.

“சரி, ஆளுக்கு ஒண்ணைத் தூக்குங்க. வீட்டுல ஒருத்தரைக் கடிச்சாலும் விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது.”

தெல்மா குனிந்தாள். பிக்கிள் தானாகவே அவள் சட்டைக் கைக்குள் ஏறி, முழங்கையருகே சுருண்டு கொட்டாவி விட்டது. நார்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு மஸ்டர்டை வாலருகே பிடித்துத் தூக்கினார். மஸ்டர்ட் உடம்பை வளைத்துத் திரும்பியது. அடுத்த கணம் அவர் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“தெல்மா, இதுக்கு நடைமுறை என்ன?” என்றார் நார்மன். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் யோசனை அது.

தெல்மா உடனே நகரவில்லை. அவர் விரலைப் பற்றி அவள் நினைக்கவில்லை. எல்லாம் போச்சு, இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். பிறகு போய்க் குட்டியின் பிடரியைப் பிடித்தாள். அங்கே பிடித்தால் ஃபெரெட்டுக்குத் தானாகக் கொட்டாவி வரும். மஸ்டர்ட் கொட்டாவி விட்டது, வாய் திறந்தது, விரல் விடுதலையானது.

மிஸஸ் ஓல்ராய்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தெல்மாவின் கைகளை வாங்கி, ஆறிப்போன தழும்புகளைப் பார்த்தாள்.

“இந்தக் குட்டியை இதுவரைக்கும் எத்தனை தடவை தூக்கியிருக்கீங்க, கண்ணு?” என்று நார்மனைக் கேட்டாள்.

“கொள்கை அளவில், தினமும்.”

“கையால?”

நார்மன் கட்டைவிரலைச் சப்பினார்.

“அப்ப குட்டி மேல தப்பில்ல. முன்னப்பின்ன தெரியாத ஆளு வாலைப் பிடிச்சா நானே கடிப்பேன்.” அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். “ரெண்டும் இங்கயே இருக்கட்டும் தெல்மா. அருமையா வளத்திருக்கே.”

தெல்மா சட்டைக் கைக்குள் கையை விட்டுப் பிக்கிளைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“அப்ப என்னோட பயிற்சி முறை வெற்றின்னு எடுத்துக்கலாமா?” என்றார் நார்மன், கைக்குட்டையை விரலில் சுற்றியபடி.

மிஸஸ் ஓல்ராய்டு அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். “இது ஒண்ணுதான் பழகல போலிருக்கே. இதை என்ன பண்ணப் போறே?”

“நீங்க எடுத்துக்கறீங்களா?” என்றாள் தெல்மா, கொஞ்சம் ஆசையாகவே.

“அவ்ளோ பெரிய கூண்டுக்கு நான் எங்கடி போவேன்?”