மாமனார் வீட்டுச் சாமியும் என் டிரங்குப் பெட்டியும்

பழைய துணியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. இந்தப் பைத்தியம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், பட்டணத்து மியூசியத்தில் யாரோ ஒரு ஜமீன்தாரின் அங்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த அன்று பிடித்தது. நல்லம்பள்ளியில் பள்ளிக்கூட வாத்தியாரான நான், ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்டேன். (வாத்தியாருக்குக் கட்டத் துணியில்லை என்று ஊரே பரிதாபப்பட்டது.) ஒரு தலைப்பாகை, ஒரு கோட்டு, சித்தேரி மலைக்காரர் ஒருவர் தந்த கம்பளி, மூன்றும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் எண்ணும் விவரமும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி, டிரங்குப் பெட்டியில் வைத்தேன். சேகரிப்பு மொத்தமே அவ்வளவுதான், ஆனால் என் நடை மட்டும் மியூசியம் அதிகாரி நடை.

யுத்த காலத்தில் மச்சினன் கல்யாணம் வந்தது. டிரங்குப் பெட்டியோடு இரண்டு நாள் முன்பே மாமனார் வீட்டுக்குப் போனவன், பரணில் ஓர் ஓலைப் பெட்டியைக் கண்டேன். உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு பழைய சேலை. கேட்டால் தரமாட்டார்கள் என்று கேட்காமலே எடுத்துச் சீட்டும் குத்தி என் பெட்டியில் வைத்துவிட்டேன். (திருட்டு இல்லைங்க, ஆராய்ச்சி!)

கல்யாணத்தன்று காலை மாமனார் ஓலைப் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பூவும் பொட்டுமாய்ப் போய்ச் சேர்ந்த அவருடைய அம்மாவின் சேலை அது. அந்த வீட்டுச் சாமியே அதுதான்; சுமங்கலியாய்ப் போனவளை அங்கே பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். அவளுக்குக் கற்பூரம் காட்டாமல் தாலி கட்டமாட்டார்கள். கடற்கரைப் பக்கம் பிறந்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"ஆத்தா கோவிச்சிக்கிட்டு வூட்ட வுட்டே போயிட்டாளே! இனி எங்க கல்யாணம்? பந்தலப் பிரிங்கடா!" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் வாசலில் கூடி அழுத நேரத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சேலையை ஓலைப் பெட்டிக்குள் திணித்தேன்.

"மாமா, இன்னொரு தரம் பாருங்க."

பார்த்தார். கண் கலங்கக் கும்பிட்டார். அப்புறம் சேலையில் குத்தியிருந்த சீட்டை எடுத்தார். சனியன், அதை மறந்தே போயிருந்தேன்!

"மாப்ள, ஆத்தா என்னமோ எழுதி அனுப்பியிருக்கா. நமக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க படிங்க."

"கல்யாணம் ஜாம் ஜாம்னு நடக்கும்னு..." என்று இழுத்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான். "எண் நான்கு. கிழிந்த சேலை. கிடைத்த இடம்: மாமனார் வீட்டுப் பரண்" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

தாலி கட்டி முடியும்வரை ஓலைப் பெட்டியைத் தலையில் சுமந்து நின்றேன். மாமனார் போட்ட தண்டனை. வெட்கத்தில் செத்தே போனேன்.

அதன்பின் சொந்தக்காரர்கள் கோட்டு, ரவிக்கை, பாவாடை என்று தாங்களே தேடிவந்து கொடுத்தார்கள். "நாமளாவே குடுத்துட்டா சாமியாச்சும் மிஞ்சும்" என்றார்கள். இன்று ஓர் அறை நிறையத் துணி இருக்கிறது, எண் நான்கு மட்டும் காலி. அந்த வீட்டில் எந்தக் கல்யாணமானாலும், கற்பூரம் ஏற்றுமுன் யாராவது ஒருவர், "மாப்ள பொட்டியத் தொறந்து பாத்தாச்சா?" என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நானே டிரங்குப் பெட்டிச் சாவியை முதலில் நீட்டிவிடுகிறேன்.